ஒரு கேபிள் போதும்

மார்ச் 3, திங்கள்

பிசியோதெரபி அம்மா சொல்லிவிட்டார்: தினமும் இடது கையால் நாலு வரியாவது எழுத வேண்டுமாம். என்னத்தை எழுத என்று கேட்டேன். "எதையாவது எழுதுங்க. யாரையாவது திட்டணும்னா திட்டி எழுதுங்க. கை பழகணும், அவ்வளவுதான்" என்றார். திட்டுவதற்கென்று மருத்துவ ஆலோசனை வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எழுத்து கோழி கிண்டியது போல் இருக்கிறது. நாலு வரிக்கு மேலேயே ஆகிவிட்டது. போதும்.

மார்ச் 4, செவ்வாய்

விபத்துக்குப் பிறகு எடுத்த நீண்ட விடுப்பு முடிந்து அலுவலகம் போய் இன்று இரண்டாம் நாள்.

நான் இல்லாத நேரம் பார்த்து இடத்தையே தலைகீழாக மாற்றி வைத்திருக்கிறார்கள். இனி யாருக்கும் சொந்த மேஜை கிடையாதாம். முதலில் வருகிறவர் காலியாக இருக்கும் மேஜையில் மடிக்கணினியை வைத்து, அங்கே தொங்கும் கேபிள்களை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். மாலையில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போக வேண்டும். ஜன்னலோரத்தில் என் மேஜை இருந்த இடத்தில் இப்போது ஒரு செடி இருக்கிறது. பிளாஸ்டிக் செடி.

என் வேலை கட்டட வரைபடங்களைச் சரிபார்ப்பது. இடது திரையில் பழைய வரைபடம், வலது திரையில் புதியது. எது மாறியிருக்கிறது, யார் மாற்றச் சொன்னார்கள், யாரும் சொல்லாமலே எதுவும் மாறிப்போயிருக்கிறதா — இதைப் பார்த்துவிட்டு, தாளின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் என் கையெழுத்தைப் போடுவேன். பல வருஷமாக அந்தக் கட்டம் என்னுடையது.

ஒரு மேஜைக்கு இரண்டு மானிட்டர். இரண்டுக்கும் இரண்டு கேபிள், கரண்டுக்கு ஒன்று, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஒன்று. மற்றவர்களுக்கு அரை நிமிஷ வேலை. எனக்கு வலது கை தோளிலிருந்து கீழே சும்மா தொங்குகிறது. இடது கையால் கேபிளைச் செருகினால் மடிக்கணினி வழுக்கிக்கொண்டு பின்னால் போகிறது. மடிக்கணினியைப் பிடித்துக்கொண்டால் செருகுவதற்குக் கை இல்லை.

உடனே ஓடி வந்துவிடுகிறாள் ஒருத்தி. புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர். "அக்கா, இருங்க இருங்க, நான் போட்டுத் தரேன்." நல்ல பெண்தான். அவள் மாட்டி முடிக்கும்வரை நான் கோவில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவள் மாதிரி பக்கத்தில் நிற்கிறேன். மொத்த ஹாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் திரும்பிக்கொள்கிறது. அவளுக்கு ஓடோடி என்று பெயர் வைத்திருக்கிறேன், மனதுக்குள்.

மார்ச் 6, வியாழன்

இன்றும் ஓடி வந்தாள். இன்றும் சிரித்து வைத்தேன். தாடை வலிக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். பேச்சுக்குப் பேச்சு "உங்க நல்லதுக்குத்தான்" என்பார். அதனால் விபத்துக்கு முன்பிருந்தே ஆபீஸில் அவருக்கு 'நல்லதுக்குத்தான்' என்றே பெயர். அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கோபப்பட மாட்டார், அதுதான் அவரிடம் பிரச்சினை.

முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு கதவைச் சாத்தினார். அப்போதே தெரிந்துவிட்டது.

"கீழ ஆவணப் பிரிவு இருக்குல்ல. பழைய வரைபடமெல்லாம் அடுக்கி, நம்பர் போட்டு வைக்கிற வேலை. அமைதியான இடம். உங்களுக்குன்னு ஒரு நாற்காலி, ஒரு மேஜை. யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. ஏப்ரல் ஒண்ணுலேருந்து அங்க போயிடுங்க. சம்பளம் குறையாது. உங்க நல்லதுக்குத்தான்."

"என் வேலையில ஏதாவது தப்பு நடந்துச்சா சார்?"

"சேச்சே. தினமும் காலையில நீங்க படற பாட்டைப் பார்க்கிறேன். எனக்கே மனசு கேக்கல."

பாடு என்று அவர் சொன்னது கேபிள் மாட்டுவதை. வரைபடத்தை அல்ல. என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு கேபிளை மாட்ட முடியவில்லை என்பதற்காக என் கட்டத்தில் வேறு யாரோ கையெழுத்துப் போடப் போகிறார்களா?

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. போக மாட்டேன்.

மார்ச் 8, சனி

அக்காவிடம் சொன்னேன். விபத்து நடந்த அன்று வந்தவள், இன்னும் இங்கேதான் இருக்கிறாள். அத்தான் அங்கே தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருக்கிறார். போ என்றால் போக மாட்டாள்.

"நல்ல மனுஷன்டி அவரு. வேற எவனாவதா இருந்தா வீட்டுக்கே அனுப்பியிருப்பான்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். ஏன்க்கா, நான் என்ன உடைஞ்ச நாற்காலியா, மூலையில தூக்கிப் போடறதுக்கு? இவ்வளவு வருஷம் நான் பாத்து விட்ட கட்டடத்துல ஒரு படி, ஒரு கதவு தப்பா இருந்திருக்கா? — எல்லாவற்றையும் சத்தமாகவே கேட்டேன். அக்கா என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். பிறகு பொத்தான் போட வெகு நேரம் ஆயிற்று. போட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்து சார்ஜரைச் செருகிப் பழகினேன். வழுக்கியது. மிக்ஸிக்கு அடியில் போட்டிருந்த ரப்பர் விரிப்பை உருவி, அதன்மேல் வைத்தேன். அசையவில்லை. செருகியது. கழற்றிச் செருகி, கழற்றிச் செருகி — அக்கா அடுப்படியிலிருந்து, "கரண்டு பில்லு நீ கட்டுவியா?" என்றாள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

ஆனால் ஒரு கேபிள் ஆயிற்று. மற்ற மூன்று? மானிட்டர் கேபிள்கள் தடியானவை, முறுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுக்கின்றன.

மார்ச் 10, திங்கள்

ஓடோடி வருவதற்குள் போய்விட வேண்டும் என்று சீக்கிரம் போனேன். ஹாலில் யாரும் இல்லை. மானிட்டரின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். இத்தனை நாள் முகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அங்கே, என் போனுக்கு சார்ஜ் போடும் அதே வடிவத்தில் ஒரு ஓட்டை. டைப்-சி. என் மடிக்கணினியிலும் அதே மாதிரி இரண்டு இருக்கின்றன. அப்படியானால் இதிலிருந்து அதற்கு ஒரு கேபிள் போகுமா? பக்கத்திலேயே இன்னொரு துளை, அதன்மேல் 'அவுட்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே வருவதற்கு ஒரு வழியும் வெளியே போவதற்கு ஒரு வழியும் இருக்கிற வரைபடத்தைப் பார்த்தால் அடுத்த அறை எங்கே என்று தேடுவதுதான் என் தொழில். அடுத்த அறை பக்கத்து மானிட்டர்தானே?

கம்ப்யூட்டர் பிரிவுக்காரரைப் போய்க் கேட்டேன். யார் எதைச் சொன்னாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா" என்று கேட்பதால் அவர் பெயர் ரீஸ்டார்ட்.

"ஒரே கேபிள்ல ரெண்டு மானிட்டரா? வராதுங்க மேடம்."

"போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"போட்டுப் பாக்கறது எதுக்கு? வராது."

மார்ச் 11, செவ்வாய்

என் போன் கேபிளைக் கொண்டுபோய்ப் போட்டேன். வரவில்லை. ரீஸ்டார்ட் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். தற்செயலாம். "நான்தான் சொன்னேனே மேடம்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 12, புதன்

சாப்பாட்டு நேரம் முழுக்க இணையத்தில் கேபிள்களைப் பற்றிப் படித்தேன். முடிவு: கேபிளின் முனை ஒரே மாதிரி இருந்தாலும் கேபிள் ஒன்றல்ல. சிலது கரண்டு மட்டும் கொண்டுபோகும். சிலது படமும் கொண்டுபோகும். மடிக்கணினியில் உள்ள இரண்டு ஓட்டையும்கூட ஒன்றல்ல. ஒன்றின் பக்கத்தில் மட்டும் பொடியாக ஒரு குறி போட்டிருக்கிறது, அதில் மட்டும்தான் படம் வெளியே போகும். நான் இரண்டு விஷயத்திலும் தப்பானதைப் பிடித்திருந்தேன்.

சரியான கேபிள் மானிட்டர் பெட்டியிலேயே வந்திருக்க வேண்டும் என்றும் போட்டிருந்தது. பெட்டிகள் எங்கே என்று ரீஸ்டார்ட்டைக் கேட்டேன். ஸ்டோர் ரூமில், மேல் தட்டில், பிரிக்காத பையோடு. இரண்டு வகைக் கேபிளும், மானிட்டருக்கு ஒரு ஜோடி. வாங்கின நாளிலிருந்து யாரும் தொடவில்லை.

"எல்லாருக்கும் பழைய கேபிளே போதும்னுட்டாங்க" என்றார். ஒரு ஜோடியை மட்டும் எடுத்துக் கொடுத்தார், தன் சொத்தைப் பிரித்துக் கொடுப்பது போல.

மார்ச் 13, வியாழன்

வந்தது.

மத்தியானம் ஹால் காலியானதும் செய்தேன். மேஜையில் மிக்ஸி விரிப்பு, அதன்மேல் மடிக்கணினி. குறி போட்ட ஓட்டையில் புதுக் கேபிள். முதல் மானிட்டர் விழித்தது. சார்ஜும் ஏறியது. கீபோர்டையும் மவுஸையும் மானிட்டரின் முதுகிலேயே மாட்டிவிட்டேன். அதே கேபிள் வழியாக அவையும் வேலை செய்தன.

அடுத்து முதல் மானிட்டரின் 'அவுட்'டிலிருந்து இரண்டாவதற்கு. இது தடிக் கேபிள். மானிட்டர் ஆடியது. அதைத் தோளால் அணைத்து, கன்னத்தால் அழுத்திக்கொண்டு, இடது கையால் முதுகைத் தடவித் துளையைக் கண்டுபிடித்துச் செருகினேன். யாராவது பார்த்திருந்தால் மானிட்டரைக் கொஞ்சுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். டக் என்று உட்கார்ந்தது. இரண்டாவது திரையும் வெளிச்சமானது.

இந்த இரண்டாவது கேபிளை ஒருதரம் மாட்டினால் போதும், அது மேஜையோடு கிடக்கும். தினமும் மடிக்கணினியில் மாட்ட வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு கை. ஒரு கேபிள்.

ஆட்கள் சாப்பிட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது. அப்படியே எழுந்து நேராக மேலாளர் அறைக்குப் போனேன். "நாளைக்குக் காலையில ஏதாவது ஒரு வரைபடத்தோட வாங்க சார். பழசும் புதுசும். நான் எப்படி வேலை பாக்கறேன்னு பாருங்க. அப்புறம் ஆவணப் பிரிவைப் பத்திப் பேசலாம்."

மார்ச் 14, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

அவர் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு என் பின்னால் நின்றார். ஓடோடியும் நின்றாள், இன்னும் நாலைந்து பேரும். கேபிளைச் செருகினேன். இரண்டு திரையும் ஒன்றாக ஒளிர்ந்தன. "அட" என்றார் அவர். அந்த 'அட'வில் மயங்கிவிட்டேன்.

பழையதைத் திறந்தேன். புதியதைத் திறந்தேன். திரை நிறைய வரைபடம். இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் பார்த்து, வகுப்பறைகள், நடைபாதை, கழிப்பறை, படிக்கட்டு என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகவே ஒப்பிட்டுக்கொண்டு போனேன். எல்லாம் பொருந்தியது. "மாற்றமே இல்ல சார். அச்சா அப்படியே இருக்கு" என்றேன்.

அவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "மூலையைப் பாருங்க" என்றார்.

மூலையில் திருத்த எண். பழையதில் மூன்று, புதியதில் நான்கு இருக்க வேண்டும். இடது பக்கம் நான்கு. வலது பக்கமும் நான்கு.

இரண்டு திரையிலும் ஒரே படம். புதிய வரைபடம்தான் இரண்டிலும். பழையது அதற்கு அடியில் மூடிக் கிடந்தது. ஒரு வரைபடத்தை அதனோடேயே ஒப்பிட்டு, பொருந்துகிறது பொருந்துகிறது என்று ஊருக்கே கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லிக் கொடுப்பதே 'மூலையைப் பார்' என்பதுதான். நான் வரைபடத்தைப் பார்க்கவில்லை. திரைகள் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. மேஜையை லேசாகத் தட்டினார். "பரவாயில்ல. இதுக்குத்தான் சொல்றேன். ஏன் இவ்வளவு கஷ்டப்படணும்?"

ஓடோடி பழைய கேபிள்களை மாட்ட வந்தாள். "கை வைக்காதே" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே. அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

மார்ச் 15, சனி

அக்கா: "விட்டுத் தொலையேன்டி."

விட மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று முழுக்கப் படுத்துக் கிடந்தேன். ஒரு விஷயம் மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் தப்பாகப் பார்த்தேன், சரி. அது என் தப்பு. ஆனால் இரண்டு திரையும் ஒரே படத்தைக் காட்டியது யார் தப்பு? படம் இரண்டாவது திரைவரை போகிறது. போகிற வழி திறந்திருக்கிறது. அப்புறம் ஏன் நகல் மட்டும் போகிறது?

மானிட்டரின் கையேட்டை இணையத்தில் தேடி எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஈரத் துணியால் துடைக்காதீர்கள், குழந்தைகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் அறிவுரை. கடைசிப் பக்கங்களில், ஒரு சின்னப் பட்டியலில் இருந்தது. முதல் மானிட்டரின் மெனுவுக்குள் எம்எஸ்டி என்று ஒரு மூன்றெழுத்து. கடையிலிருந்து வரும்போது அது அணைந்திருக்கும். அணைந்திருந்தால் முதல் மானிட்டர் தனக்கு வருகிற படத்தையே அடுத்ததற்கும் நகலெடுத்துத் தரும். அதைப் போட்டுவிட்டால் இரண்டுக்கும் தனித்தனிப் படம். கடைசியாக இருக்கும் மானிட்டரில் மட்டும் அது அணைந்தே இருக்க வேண்டும்.

ஒரு பொத்தான். இவ்வளவு அவமானத்துக்கும் காரணம் ஒரு பொத்தான். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால், "அப்ப உன்மேல தப்பு பாதிதான்" என்றாள். அக்கா கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

மார்ச் 17, திங்கள்

மெனு பொத்தான்கள் மானிட்டரின் வலது ஓரத்தில், பின்பக்கம். உலகத்தில் எல்லாவற்றையும் வலது பக்கம்தான் வைப்பார்கள். மேஜையில் சாய்ந்து, இடது கையைச் சுற்றிக் கொண்டுபோய், விரலால் தடவித் தடவி அழுத்தினேன். முதலில் வெளிச்சம் குறைந்தது. அப்புறம் திரை மஞ்சளாயிற்று. அப்புறம் மெனு முழுக்க ஏதோ ஒரு தேசத்து மொழிக்கு மாறிவிட்டது. அதிலிருந்து தப்பித்து வருவதற்குள் வியர்த்துவிட்டது. கடைசியில் அந்த மூன்றெழுத்து. போட்டேன்.

இரண்டு திரையும் ஒரு கணம் இருண்டு, திரும்ப வந்தன. மவுஸை வலது பக்கம் தள்ளினேன். அம்பு முதல் திரையின் ஓரத்தைத் தாண்டி இரண்டாவதற்குள் நடந்து போனது. நடந்து போய் நின்றது. ஹாலுக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. தனியாக இருந்ததால் அழுதேன். எழுதிக்கொள்கிறேன், தப்பில்லை.

பிறகு அதே பள்ளிக்கூட வரைபடத்தை எடுத்தேன். முதலில் மூலை. மூன்று, நான்கு. சரி. அப்புறம்தான் உள்ளே போனேன்.

மாடிப்படிக் கதவு. பழைய வரைபடத்தில் அது படிக்கட்டுப் பக்கமாகத் திறக்கிறது. புதியதில் நடைபாதைப் பக்கமாக. நெருப்பு என்றால் பிள்ளைகள் கூட்டமாக ஓடிவந்து அந்தக் கதவில்தான் முட்டுவார்கள். தள்ளினால் திறக்க வேண்டிய கதவு, தங்களை நோக்கி இழுத்தால்தான் திறக்கும். பின்னாலிருந்து தள்ளுகிற கூட்டத்தில் யார் இழுப்பது? மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நகலெடுக்கும்போது எங்கோ புரண்டுவிட்டது. வெள்ளிக்கிழமை 'அச்சா அப்படியே இருக்கு' என்று நான் சொன்ன வரைபடம் இது.

சிவப்பு வட்டம் போட்டு மேலாளருக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போடவில்லை. அவர் எழுந்து என் மேஜைக்கே வந்தார். இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மூலையையும் பார்த்தார். "நல்லவேளை" என்றார்.

மார்ச் 19, புதன்

நல்லதுக்குத்தான் மறுபடி கூப்பிட்டார். மறுபடி தண்ணீர்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. அந்த ஒரு மேஜையை உங்களுக்குன்னே ஒதுக்கிடறேன். பேர் எழுதி ஒட்டிடலாம். வேற யாரும் உக்கார மாட்டாங்க. மூணு மாசம் அப்படிப் பாருங்க. சரிப்படலைன்னா ஆவணப் பிரிவு இருக்கவே இருக்கு."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை. "எல்லா மேஜையிலயும் மாத்திடலாமே சார். கேபிள் சும்மாதானே கிடக்கு" என்றேன்.

"மத்தவங்களுக்கு எதுக்கு? அவங்களுக்குத்தான் பிரச்சினை இல்லையே. பாப்போம்."

பாப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். நல்லவர்கள் மாட்டேன் என்று சொல்வதில்லை.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "தனி மேஜை தராங்கடி. கிடைச்சதை வாங்கிக்கோயேன். ஏன் இந்த வீம்பு?"

வீம்புதான். ஆனால் வெறும் வீம்பு இல்லை. பேர் ஒட்டின மேஜை என்றால் அந்த மேஜையில் மட்டும்தான் என்னால் முடியும் என்று ஆகிவிடும். நாளை கூட்டத்துக்கு வேறு அறை, அடுத்த மாதம் வேறு மாடி, அந்த மானிட்டர் பழுது — ஏதாவது ஒன்று வரும். வந்ததும், "அதான் சொன்னேனே" என்று கீழே அனுப்பிவிடுவார்கள். எனக்குச் சலுகை வேண்டாம். எந்த மேஜையிலும் உட்கார முடிய வேண்டும். எல்லாரையும் போல.

மார்ச் 20, வியாழன்

ஓடோடியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு உன்மேல கோபம் இல்ல. தினமும் நீ வர வேண்டியிருக்கேன்னுதான் கோபம்."

"நான் தப்பா ஒண்ணும் நினைக்கல அக்கா. ஆனா நான் வராம இருந்தாலும் தப்பு, வந்தாலும் தப்புன்னா நான் என்னதான் பண்றது?"

நியாயமான கேள்வி. "ஒரு நாள் உதவி பண்ணு. அதுக்கப்புறம் எப்பவும் பண்ண வேண்டாம்" என்றேன். என்ன உதவி என்று சொன்னதும் அவள் கண் விரிந்தது.

மார்ச் 21, வெள்ளி

ரீஸ்டார்ட்டைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். அவர் என் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து, தானே ஒருதரம் கழற்றி மாட்டிப் பார்த்தார். "வருது" என்றார், யாரோ சாட்சி கேட்டது போல.

ஸ்டோர் சாவி வேண்டும், நாளைக்கு எல்லா மேஜையையும் மாற்றப் போகிறேன் என்றேன். யார் அனுமதி என்று கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"மாத்திட்டா, காலையில கேபிள் லூஸு, படம் வரலன்னு எனக்கு போன் வராதுல்ல?"

"குறையும்."

"அப்ப நானும் வரேன். ஆனா மேனேஜர் கேட்டா நான் தடுத்தேன்னு சொல்லணும்."

மார்ச் 22, சனி

விடுமுறை நாளில் மூன்று பேர். ஹால் முழுக்க மேஜை. ஓடோடி மானிட்டர்களைத் திருப்பித் தடிக் கேபிளை மாட்டினாள். ரீஸ்டார்ட் பழைய கேபிள்களை உருவிச் சுருட்டினார், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு. மெனு வேலை என்னுடையது. பத்தாவது மேஜைக்கெல்லாம் என் இடது கை கண்ணை மூடிக்கொண்டே அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டது. நடுவில் ஒரு மானிட்டர் பிடிவாதமாகக் கருப்பாகவே இருந்தது.

நான் ரீஸ்டார்ட்டைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "சொல்லிடுங்க" என்றேன்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்."

பண்ணினேன். வந்தது. அன்று முழுக்க அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மார்ச் 24, திங்கள்

காலையில் ஒரே கூச்சல். என் கேபிள் எங்கே, பழையது என்ன கெட்டுப்போயிற்று, யாரைக் கேட்டு மாற்றினார்கள். நான் மேஜை மேஜையாகப் போய், "குறி போட்ட ஓட்டையில இதை மட்டும் செருகுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். இன்று ஹாலில் ஓடி ஓடி உதவி செய்தது நான். இந்த உணர்ச்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஓடோடி ஏன் தினமும் ஓடி வந்தாள் என்று இப்போது புரிகிறது.

கூச்சல் பத்து மணிக்குள் அடங்கிவிட்டது. மேலாளர் அடங்கவில்லை. முதல் தடவையாகத் தண்ணீர் கொடுக்கவில்லை.

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"உங்களுக்குத் தனி மேஜை தரேன்னு சொன்னேன்ல. உங்க நல்லதுக்குத்தானே—"

"சார், என் நல்லதை என்கிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

நான் நிறுத்தவில்லை. "ஏப்ரல் ஒண்ணாம் தேதி நான் கீழ போக மாட்டேன். எனக்கு இந்த வேலை தெரியலைன்னு எழுதிக் குடுங்க, போறேன். கேபிள் மாட்டத் தெரியலைன்னு எழுதினா போக மாட்டேன். அது இப்ப எனக்கு உங்களைவிட நல்லாத் தெரியும்."

கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகம்தான். திரும்ப எடுத்துக்கொள்வதாக இல்லை.

மார்ச் 28, வெள்ளி

பதில் இல்லை. வேலையை விட்டு எடுத்துவிட்டால்? அக்கா இன்று பொத்தான் போடவும் வரவில்லை, அறிவுரை சொல்லவும் வரவில்லை. "பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கு என்றேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கீழே போகவில்லை. மேலே போய் ஒரு காலி மேஜையில் உட்கார்ந்தேன். எழுப்ப வேண்டுமானால் வந்து எழுப்பட்டும் என்று இருந்தேன். பதினொரு மணிக்கு மேலாளரிடமிருந்து ஒரு வரைபடம் வந்தது, கூட ஒரே ஒரு வரி: 'பார்த்துச் சொல்லவும்.' பார்த்தேன். மூலையில் கையெழுத்தைப் போட்டேன். இடது கைக் கையெழுத்து கோணல்தான். என்னுடையதுதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அக்கா தன் வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது மிக்ஸிக்கு ஒரு புது ரப்பர் விரிப்பு வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வாசலில் என் சட்டையை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு பொத்தான் மாறிப் போட்டிருக்கே" என்றாள். கை வைக்கவில்லை. பஸ் போன பிறகு சரியாகப் போட்டுக்கொண்டேன்.

மே 8, வியாழன்

பிசியோதெரபி முடித்துப் போக இன்று நேரமாகிவிட்டது. ஹால் நிறைந்திருந்தது. நட்ட நடுவில் ஒரே ஒரு மேஜை காலி. உட்கார்ந்து கேபிளைச் செருகினேன். ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம். லிஃப்ட் பக்கம் ஒரு சுவர் தள்ளிப்போயிருந்தது. அதிலேயே மூழ்கிவிட்டேன்.

மத்தியானம் எதிர் மேஜையிலிருந்து ஓடோடி தலையை நிமிர்த்தினாள்.

"அக்கா, நீங்க எப்ப வந்தீங்க? நான் கவனிக்கவே இல்லையே."

"அப்பவே வந்துட்டேன்" என்றேன்.